இரண்டு புள்ளி நான்கு

பத்து வினாடி எவ்வளவு நேரம் என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும், ஒருத்தருக்கும் தெரியாது, பியூலாவுக்குத் தெரியும். ஒன்று இரண்டு என்று அடித்துப் பிடித்து ஓடாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்து அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரலுக்கும் ஆறாம் பெட் இசக்கியம்மாளின் இடது மோதிர விரலுக்கும் நடுவில் லேபில் வாங்கிய கண்ணாடிச் சில்லு, சில்லுக்கு அடியில் விரல் நுனி துருவின தேங்காய் மாதிரி வெளுத்துக் கிடந்தது. எட்டு, ஒன்பது, பத்து. சில்லை எடுத்தாள், வலது கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அமுக்கினாள், கண்ணை விரலை விட்டு எடுக்கவில்லை, வா தாயி, வந்துரு, ரத்தம் ஓடி வராது, ஓரத்திலிருந்து கசிந்துதான் வரும், வந்து நடுவில் சேர்ந்து, விரல் பழையபடி விரலாகிற அந்த ஒரு இமைப்பு இருக்கிறதே, அதுதான், அமுக்கு. நாலு புள்ளி இரண்டு. மணி பதினொன்று. கால்மாட்டில் தொங்கிய நோட்டில் கட்டத்துக்குள் எழுதி, பக்கத்தில் பொடியாகக் கையெழுத்தும் போட்டாள். பத்தரைக்கு நாலு புள்ளி ஆறு, பத்துக்கு நாலு புள்ளி ஒன்பது, நேற்று முழுக்க ஐந்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த விரல். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ரத்தத்தில் கிருமி ஏறி, பிரஷர் தரையில் விழுந்து ஆம்புலன்ஸில் வந்தவள், இருபத்துமூன்று வயசு, மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க், வந்ததிலிருந்து கண் திறக்கவில்லை. இறங்குது, இறங்குதுல்லா, என்று பியூலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி வார்டின் கோடியிலிருந்த கண்ணாடி அறையைப் பார்த்தாள், பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து இருபது தடவை முடிவெடுத்தாயிற்று, ஆனாலும் பார்த்தாள். ஆராய்ச்சி நோட்டுகளைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து வந்த இம்தியாஸ் சார் அவளுடைய மூன்றாவது நோட்டை மூடிவிட்டு நாலாவதைத் திறந்துகொண்டிருந்தார்.

மொத்தம் ஏழு நோட்டு. ஒன்றரை வருஷம். பகல் ஷிப்டில் பியூலா கையால் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் அந்த மனுஷன் நேற்றும் இன்றும் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்க்கிறார், எங்கே சந்தேகமோ அங்கே மஞ்சள் சீட்டு ஒட்டுவார், சீட்டு கூடினால் இந்த ஆஸ்பத்திரியே ஆராய்ச்சியிலிருந்து வெளியே. நாடு முழுக்கப் பத்து ஆஸ்பத்திரியில் நடக்கிற ஆராய்ச்சி, இரண்டை ஏற்கெனவே தூக்கிவிட்டார்களாம், எண்கள் ரொம்ப அழகாக இருந்தனவாம். தாண்டிவிட்டால் கட்டுரை வரும், கட்டுரையில் எழுதியவர் பேர்களில் ஆறாவதாக ஆர். பியூலா என்று இருக்கும், ஸ்டாப் நர்ஸ் பேர் இந்த ஆஸ்பத்திரியிலிருந்து எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை. சங்கரவடிவு மேடமே சொன்னது, துறைத்தலைவி, சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது போல இருக்கிற மனுஷி, அவள் வாயால் சொன்னாள், "ஏ பியூலா, நன்றின்னு கடைசில பொடி எழுத்துல போடுறது இல்ல, மேல, எங்க பேரு வரிசைல." வீட்டுக்குப் போய் அதைச் சொன்னபோது புருஷன் ஜெபசிங் அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு," என்றான். அவளும் இன்னொரு தடவை சொன்னாள், அவன் கேட்டதற்காக இல்லை, தனக்கே கேட்க வேண்டும் போலிருந்தது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள், விரலை அமுக்குவது ஒரு ஆராய்ச்சியா என்று. ஆராய்ச்சிதான். உயிருக்குப் போராடுகிறவனுக்கு எவ்வளவு குளுக்கோஸ் தண்ணி ஏற்றுவது, பிரஷரைத் தூக்கிப் பிடிக்கிற மருந்தை எப்போது கூட்டுவது எப்போது குறைப்பது, இதுதான் கேள்வி, தண்ணி குறைந்தால் கிட்னி போகும், கூடினால் நெஞ்சில் கட்டும், இரண்டுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு வழி. பெரிய ஊரில் அதற்கு மெஷின் இருக்கிறது, மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்க லேப் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது, விரல் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு தரம் விரலை அமுக்கி விட்டு, நிறம் திரும்ப எத்தனை வினாடி என்று பார்த்து, மூன்றுக்குள் வந்தால் ரத்தம் உடம்பின் கடைக்கோடி வரைக்கும் போகிறது, மருந்தைக் குறைக்கலாம், வராவிட்டால் இன்னும் போராட வேண்டும். விரலை நம்பி வைத்தியம் பார்த்தால் ஆட்கள் பிழைக்கிறார்களா என்பதுதான் சோதனை. முதல் வாரம் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள், ட்ரெயினிங் படத்தில் வந்த விரலெல்லாம் ரோஜாப் பூ நிறம், நம்ம ஆட்கள் கறுப்பு, அதிலும் வெயிலில் வேலை பார்க்கிற கை, வெளுப்பதும் தெரியவில்லை சிவப்பதும் தெரியவில்லை. அப்போது யார் கண்டுபிடித்தது? இந்தப் பியூலாதான். டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தால் ஏமாற்றும், கட்டிலின் தலைமாட்டைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கையைக் கொண்டுவந்து, ஆள்காட்டி விரலை விட்டுவிட்டு இடது மோதிர விரலைப் பிடித்தால், எவ்வளவு கறுத்த கையானாலும் வேலை செய்து காய்த்துப் போகாத சதை அங்கே கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது பேசும். மேடம் நம்பவில்லை, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு தானே ஒன்பது பேரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள், மறுவாரம் சென்னையிலிருந்து பத்து ஆஸ்பத்திரிக்கும் தாள் வந்தது, ஜன்னல் வெளிச்சம், இடது மோதிர விரல். பத்து ஊரில், பேர் தெரியாத எத்தனையோ நர்ஸ்மார் இந்நேரம் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார்கள், அது யார் சொல்லி என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியாவிட்டால் என்ன, கட்டில் திரும்பியிருக்கிறதுல்லா.

ஸ்டாப்வாட்ச் ஜெபசிங் அத்தானுடையது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், இருபது வருஷமாக நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் பிடிக்கிற ஆள், ஆராய்ச்சிக்கு வந்த வாட்ச் இரண்டாம் மாசமே மண்டையைப் போட்டதும் தன்னுடைய சிவப்பு வாட்சைக் கொடுத்துவிட்டான், சும்மா கொடுக்கவில்லை, முற்றத்தில் நிற்க வைத்துப் பாடம் எடுத்தான். கையிலிருந்து ஸ்கேலைக் கீழே போடுவான், விழுந்ததும் அவள் அமுக்க வேண்டும். "ஏட்டி, நீ ஸ்கேல் விழும்னு நெனச்சு அமுக்குத, விழுந்தத பாத்து அமுக்கு. பையன் ஜெயிப்பான்னு ஒனக்குத் தெரிஞ்சிருந்தாலும் அவன் நெஞ்சு நாடாவத் தொடுத வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டியா?" பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, புருஷனும் பெண்டாட்டியும் ஸ்கேலை வைத்து என்ன செய்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். பத்து நாள் சாயங்காலம் இதே பாடு. கடைசியில் அவனே தோற்றான், இருபது தடவை இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கியதில் பதினாறு தடவை அவள்தான் சரி. அந்த மனுஷன் முகம் எப்படி மலர்ந்தது, தன் பிள்ளை ஜில்லா மீட்டில் ஜெயித்த மாதிரி. விழும்னு நெனச்சு அமுக்காத, விழுந்தத பாத்து அமுக்கு. சரி, அது இருக்கட்டும். அது இப்போது எதற்கு நினைவுக்கு வருகிறது. கண்ணாடி அறையில் இம்தியாஸ் சார் நாலாவது நோட்டில் பாதியைத் தாண்டிவிட்டார், மஞ்சள் சீட்டுக் கட்டு பிரிக்காமல் அப்படியே மேஜை மேல் இருந்தது.

பிரிக்க மாட்டார், எப்படிப் பிரிப்பார், அவள் கோலம் போடுகிறவள் இல்லையே. வார்டில் அதற்கு அதுதான் பேர், கோலம் போடுவது. ஷிப்டு முழுக்க ஓடி ஓடி மருந்து போட்டு, பெட்ஷீட் மாற்றி, சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்கி, முடிகிற நேரத்தில் சார்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து விட்டுப்போன கட்டத்தையெல்லாம் ஒரே மூச்சில் நிரப்புவது, எண்பது, எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு, எண்பது, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு அவ்வளவு அழகாக வரும். யாரையும் குறை சொல்ல அவளுக்கு வாய் வராது, இருபது பேருக்கு மூன்று நர்ஸ் என்றால் கோலம்தான் வரும், அவளே வருஷக்கணக்கில் போட்டவள்தான். ஆனால் இந்த நோட்டில் கூடாது என்று முதல் நாளே மேடம் மேஜையில் கையைத் தட்டிச் சொன்னாள். பார்க்க முடியலையா, கட்டத்த வெறுசா விடு, ஏன் பாக்கலன்னு பக்கத்துல எழுது. தப்பா எழுதிட்டியா, ஒரே ஒரு கோடு போட்டு அடி, வெள்ளை மை கிய்யின்னு வச்சு மறைச்சே கொன்னுருவேன், தப்பு கீழ தெரியணும், அடிச்சது யாருன்னு தெரியணும், என்னைக்கு அடிச்சேன்னு தெரியணும். அன்றைக்குக் கைகட்டிக் கேட்டவர்களில் அதை அப்படியே பிடித்துக்கொண்டவள் பியூலா. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு எண், ஐம்பத்தேழு வெறுங் கட்டம். நோயாளிக்கு வயிற்றுப்போக்கு, சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் பெட்டுக்கு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை, மழை இருட்டு, விரல் தெரியவில்லை. சத்தியமாகச் சொன்னால் எழுதிய எண்களைவிட அந்த ஐம்பத்தேழு வெறுங் கட்டத்தில்தான் அவளுக்குப் பெருமை, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுவதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று எழுதிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது நோட்டுக்குப் பச்சை அட்டை. தளவாய், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், முப்பத்தாறு வயசு, போன ஆடி மாசம் காலில் கம்பி குத்திய புண்ணிலிருந்து கிருமி ஏறி வந்தவன், நாலு நாள் எமனும் இவர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கையில் விரல் தேடியதே ஒரு பாடு, எல்லா நுனியும் நெருப்புப் பொறி பட்டுச் சுட்ட சோளம் மாதிரி, இடது மோதிர விரலில் மட்டும் மிளகு அகலத்துக்கு நல்ல சதை. அந்த மிளகையே நாலு நாள் பார்த்தாள். ஐந்து புள்ளி எட்டு, ஐந்து புள்ளி ஒன்று, நாலு புள்ளி ஏழு, மறுபடியும் ஐந்து. நாலாம் நாள் மதியம் இரண்டுக்கு மூன்று புள்ளி எட்டு. இரண்டரைக்கு அமுக்கினாள், எட்டு, ஒன்பது, பத்து, எடுத்தாள், வாட்ச் ஓடியது, அப்போது அவன் கண்ணைத் திறந்தான். நாலு நாளாகக் கல்லாகக் கிடந்தவன் நேராக அவள் முகத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமி, "சிஸ்டர், தண்ணி," என்றான். அவ்வளவுதான். அவள் விரலை விட்டாள், வாட்சை விட்டாள், ஆண்டவரே என்றாள், அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள், பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள், அவன் பிள்ளை மாதிரிச் சப்பினான், அவளுக்குக் கண்ணீர் கொட்டியது, நல்ல கண்ணீர். பிறகு நோட்டை எடுத்தாள். பார்க்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் கண் திறந்து தண்ணி கேட்கிறவனுக்கு ரத்தம் ஓடாமலா இருக்கும், ஓடும், விழும்னு நெனச்சு அமுக்காத, ஓடும் ஓடும், எழுதினாள். சும்மா இரண்டு என்று எழுதியிருந்தாலும் மனசு ஆறும். இரண்டு புள்ளி நான்கு. புள்ளி நான்காம்! அந்தப் புள்ளியையும் நான்கையும் எங்கிருந்து எடுத்தாள்? சந்தோஷத்திலிருந்து எடுத்தாள். நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று அவள் நினைக்கவில்லை, அல்லது நினைத்தாளோ, கை எழுதிவிட்டது, கைக்குப் பழக்கம்.

அதற்குள் மேடம் வந்துவிட்டாள், எண்ணைப் பார்த்தாள், தளவாயைப் பார்த்தாள், "மருந்தக் குறைங்க," என்றாள், சிரித்தாள் என்று கூடச் சொல்லலாம். மருந்தைக் குறைத்தார்கள். அங்கே பிடித்தது பயம். அவள் பார்க்காத விரலை நம்பி மருந்து குறைகிறது, விரல் நிஜத்தில் மூன்றரையாக இருந்தால், நாலாக இருந்தால், இப்போது பிரஷர் விழுந்தால், விழுந்து கிட்னி நின்றால். சொல்லியிருக்கலாம், மேடம், நான் பாக்கல, என்று மூன்று வார்த்தை, மேடம் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றாள், வாய் திறக்கவில்லை. அரை மணி நேரம் அந்த பெட்டை விட்டு அசையவில்லை, மானிட்டரில் பிரஷர் எண் ஒன்று குறையும்போதெல்லாம் நாடியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று மணிக்கு அமுக்கினாள், பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள், இரண்டு புள்ளி ஆறு. நிஜமான இரண்டு புள்ளி ஆறு. தளவாய் பிழைத்தான், நடந்து போனான், ஆஸ்பத்திரி கேட்டின் கீல் விட்டுப் போயிருந்ததைப் பார்த்துவிட்டுத் தானே வந்து பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போனான், யாருக்கு என்ன கெட்டது? ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. அரை மணி வித்தியாசம். ஆனால் ஆராய்ச்சியில் கணக்கெடுப்பதே முதல் தரம் மூன்றுக்குள் வந்த நேரத்தைத்தான், மற்ற கட்டம் எப்படியோ, தளவாய்க்கு எண்ணப்போவது அந்த ஒரு கட்டத்தை, பார்க்காத கட்டத்தை. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. அரிசியில் ஒரு கல். ஒரு கல் என்றால் ஒரு கல்தானே என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துப் பதினோரு மாசம் ஓடிவிட்டது, பல்லில் படுகிறது அந்த ஒரு கல்தான்.

பதினொன்றரை. சில்லு, அமுக்கு, பத்து, எடு. இசக்கியம்மாளின் விரல் வெளுத்துக் கிடந்தது, ஓரத்தில் கசிந்தது, வா தாயி, இப்போது கண்ணாடி அறையைப் பார்க்காதே, பார்க்க மாட்டேன், வந்தது. மூன்று புள்ளி ஐந்து. அடி என் செல்லமே, இன்னும் அரை வினாடிதான். எழுதி, கையெழுத்துப் போட்டு, பிறகுதான் தலையைத் தூக்கினாள், தூக்கியபோது இம்தியாஸ் சார் கையில் பச்சை நோட்டு. ஒரு பக்கம், இரண்டு பக்கம், விரலை நாக்கில் வைக்காமல் ரப்பர் உறை போட்டுப் புரட்டுகிற சுத்தக்கார மனுஷன், தளவாய் நடுவில் இருக்கிறான், முதல் நாள், இரண்டாம் நாள், இப்போது நாலாம் நாளாக இருக்கும், நின்றார். நின்றுவிட்டார். கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடி ராசா, நீயே கண்டுபிடி, என் வாயால் சொல்ல வேண்டாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், பக்கத்தைத் திருப்பினார். மஞ்சள் சீட்டு ஒட்டவில்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள், விட்ட மூச்சு முடிவதற்குள் அவளுக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், யார் மேல் என்றே தெரியாத கோபம். சென்னையிலிருந்து ரயில் ஏறி வந்து இரண்டு நாள் உட்கார்ந்து இதைத்தான் பார்த்தீரா? மூன்று புள்ளி எட்டிலிருந்து ஒரே தாவில் இரண்டு புள்ளி நாலுக்கு விரல் இறங்குமா, ஜன்னல் கிட்ட ஒன்றரை வருஷம் நின்றவளைக் கேளும், அவள் சொல்லுவாள். பொய் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது. அவளுடைய மூவாயிரத்து நானூற்றுப் பதினொன்று உண்மை சேர்ந்து அந்த ஒரு பொய்யைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

ஆறையும் ஏழையும் அவர் நேற்றே முடித்திருந்தார், பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். பியூலா கையைக் கழுவினாள், கழுவின கையையே மறுபடியும் கழுவினாள், உள்ளே போனாள். சங்கரவடிவு மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அவள் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. "உக்காருங்க சிஸ்டர்," என்றார் இம்தியாஸ் சார், "எட்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். கையால எழுதின நம்பர்ல பொய் இருந்தா ஒரு வாசனை அடிக்கும், முழு நம்பரா வரும், இல்ல புள்ளி அஞ்சுல வந்து நிக்கும். உங்க புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பரைத் தனியா எண்ணிப் பார்த்தேன், பூஜ்யத்துலருந்து ஒம்பது வரைக்கும் சமமா விழுந்திருக்கு. பார்க்காம எழுதறவங்களால இது முடியாது. ஒரு சீட்டு கூட ஒட்டலை. இதை மத்த ஊர்ல காட்டப் போறேன்." மேடம் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் நேத்தே சொன்னம்லா," என்றாள், குரலில் அப்படி ஒரு மிதப்பு, அந்த மிதப்பு தன்னால் வந்தது என்பதில் பியூலாவுக்கு உச்சி குளிர்ந்தது, பொய் சொல்வானேன், குளிர்ந்தது, ஒன்றரை வருஷம் கால் வீங்க நின்றதற்கு இது போதும். அவர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். ஏழு நோட்டிலும் உள்ள எண்கள் அனைத்தும் நான் நேரில் பார்த்து, பார்த்த நேரத்திலேயே எழுதியவை. கீழே கோடு, கோட்டுக்குக் கீழே ஆர். பியூலா என்று டைப் அடித்திருந்தது. பேனாவைத் திறந்தாள். கை போட்டுவிடும், கைக்குப் பழக்கம். புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர். அந்த நான்கையும் சேர்த்தல்லவா எண்ணியிருக்கிறார், அவள் பெருமை முழுக்க எண்ணி அடுக்கி வைத்த அடுக்கில் அதுவும் ஒரு செங்கலாக உட்கார்ந்திருக்கிறதே. கையெழுத்துப் போட்டால் பேர் வரும், ஆறாவது பேர், பத்து ஊரில் படிப்பார்கள், படிக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மட்டும் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு என்று கேட்கும். யார் கண்டுபிடிப்பார்கள்? யாரும் மாட்டார்கள். அதுதான் பொறுக்கவில்லை. கண்டுபிடிக்கத் தெரிந்தவள் ஊரிலேயே ஒருத்திதான், அவள் பேனாவோடு இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், அந்தப் பச்ச நோட்ட எடுங்க," என்றாள். "தளவாய்னு ஒரு ஆளு. நாலாம் நாளு, ரெண்டர மணி. ரெண்டு புள்ளி நாலுன்னு இருக்கும். அத நான் பாக்கல." மேடம் நாற்காலியை விட்டு முன்னால் வந்தாள், "ஏ பியூலா, என்ன சொல்லுத?" "பாக்கல மேடம். அமுக்கினேன், அந்நேரம் அவன் கண்ணத் தொறந்து தண்ணி கேட்டான், நான் மூஞ்சியப் பாத்துட்டேன், வெரலப் பாக்கல. பாத்த மாதிரி எழுதிட்டேன். அத நம்பித்தான் நீங்க மருந்தக் குறைச்சிய." மேடத்தின் முகம் கறுத்தது. "என்ட்ட சொல்லணும்னு தோணலையா ஒனக்கு? அவன் செத்திருந்தா?" "அரை மணி நேரம் நானும் அதத்தான் மேடம் நெனச்சிட்டு நின்னேன்," என்றாள் பியூலா, "மூணு மணிக்குப் பாத்தேன், ரெண்டு புள்ளி ஆறு. அது பாத்தது. மத்ததெல்லாம் பாத்தது. இது ஒண்ணுதான்." இம்தியாஸ் சார் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இங்க நின்னேன் சிஸ்டர்," என்றார், "சட்டுனு இறங்கியிருக்கேன்னு நின்னேன். அப்புறம், உங்க நோட்டாச்சேன்னு திருப்பிட்டேன்." பிறகு இதை அவர் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார், குழு கூடி முடிவு செய்யும், இந்த ஒன்றை மட்டும் நீக்கலாம், நம்பிக்கை போயிற்று என்று ஏழு நோட்டையும் நீக்கலாம், அவருக்குத் தெரியாது, முன்னால் இப்படி யாரும் தானாக வந்து சொன்னதில்லை. கையெழுத்துத் தாளை ஒதுக்கிவிட்டு, நோட்டையும் பேனாவையும் அவள் பக்கம் திருப்பி வைத்தார். பியூலா ஸ்கேல் கேட்டு வாங்கி, 2.4 மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், எண் கீழே பளிச்சென்று தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஆர்.பி. என்றும் இன்றைய தேதியும் எழுதினாள், அதற்கும் பக்கத்தில், கொஞ்சம் இடம் இருந்தது, விரலைப் பார்க்கவில்லை, நோயாளி கண் திறந்தார், முகத்தைப் பார்த்தேன் என்று எழுதினாள். ஐம்பத்தெட்டு. தள்ளி வைத்துப் பார்த்தாள், அவள் கையெழுத்து அவ்வளவு திருத்தமாக எந்தப் பக்கத்திலும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. "மேடம், ஆறாம் பெட்டுக்கு மணியாச்சு," என்று எழுந்தாள். மேடம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "போ," என்றாள், பியூலா கதவைத் திறந்த பிறகு, "ரிப்போர்ட்டுல என் கையெழுத்தும் கீழ இருக்கும். கேக்கவன் வந்து என்ட்ட கேக்கட்டும்," என்றாள், அதைக் கோபமாகத்தான் சொன்னாள்.

பேர் வருமோ வராதோ. வரும் என்றும் நினைக்காதே, வராது என்றும் நினைக்காதே, நாடாவைத் தொடுகிற வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் அத்தானிடம் முதலில் எதைச் சொல்வது, ஏழு நோட்டும் போகலாம் என்பதையா, பச்சை நோட்டில் கோடு போட்டதையா, கோட்டைத்தான் சொல்ல வேண்டும். வார்டின் நடுவில் நடக்கும்போது கால் தரையில் நன்றாக ஊன்றியது, பதினோரு மாசமாக இப்படி ஊன்றவில்லை என்பது ஊன்றிய பிறகுதான் தெரிந்தது. ஆறாம் பெட். ஜன்னல் வெளிச்சம் இசக்கியம்மாளின் கை மேல் கிடந்தது. சில்லு, கட்டைவிரல், அமுக்கு, ஒன்று, இரண்டு, அவசரமில்லை, ஒவ்வொன்றுக்கும் அதன் இடம், எட்டு, ஒன்பது, பத்து. எடுத்தாள், வாட்சை அமுக்கினாள். அந்நேரம் பார்த்துத் தலைமாட்டில் அசைவு. மாஸ்க்குக்குள் மூச்சு மாறியது, தலையணை சரசரத்தது, பியூலாவுக்குத் தெரியும், பார்க்காமலே தெரியும், கண் திறந்துவிட்டாள். "பிள்ள," என்றது மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குரல், நூல் மாதிரி, "எம் பிள்ள எங்க?" வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பியூலாவின் கண்ணில் தண்ணீர் குப்பென்று ஏறியது, இமைத்தால் போயிற்று, அவள் இமைக்கவில்லை, விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இரு தாயி, வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்," என்றாள், ஓரம் கசிந்தது, நடுவில் சேர்ந்தது, விரல் விரலாயிற்று, அமுக்கினாள். இரண்டு புள்ளி ஏழு. எழுதினாள், மணி எழுதினாள், ஆர்.பி. போட்டாள். பிறகு நோட்டைத் தொங்கவிட்டுவிட்டு, அந்த விரலை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, அவள் முகத்தை ஆசை தீரப் பார்த்து, "கீழ பிள்ளைங்க வார்டுல இருக்காம்மா, நல்லாப் பால் குடிக்கான்," என்றாள்.